எண்ணூர்: எண்ணெய் பட்டவர்கள் எல்லோரும் பட்டியலில் இருக்கிறார்களா?

உப்பங்கழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். காலநிலை மாநாடுகளைப் பற்றி இந்தப் பகுதியில் நிறையவே பேசியிருக்கிறோம். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு-சேத நிதிக்கு 2022-ல் ஷார்ம் எல் ஷேக்கில் ஒப்புக்கொண்டார்கள், 2023-ல் துபாய் மாநாட்டின் முதல் நாளே அதைத் தொடங்கினார்கள், பணக்கார நாடுகள் அதில் போட்ட பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கெடுத்தவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர் என்பதுதான் அங்கே நம் நாடும் வைக்கிற வாதம். அந்த வாதத்தை நம் ஊருக்குள் கொண்டுவந்து ஓரிடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொள்கிற இடம் வட சென்னையின் எண்ணூர்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்துக்கு வந்தது. கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை சொன்னது. கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய இறக்கையோடு உட்கார்ந்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே எண்ணெயை மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அள்ளி டிரம்மில் ஊற்றிய படங்களையும்.

அரசு அறிவித்த நிவாரணம் ரூ.8.68 கோடி. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500, சேதமான 787 படகுகளுக்குத் தலா ரூ.10,000.

தொகை போதுமா என்பது ஒரு கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்பட்டது என்பது. படகு கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். வலைக்கும் எஞ்சினுக்கும் ரசீது இருக்கும். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. பனையோலையில் பின்னிய பறியை வாயில் கவ்விக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார். விரலில் இறால் தட்டுப்பட்டால் அப்படியே எடுத்துப் பறிக்குள் போட வேண்டியதுதான். எண்ணெய் போய்ப் படிந்ததும் அந்தச் சேற்றில்தான். அவருடைய தொழில் எந்தப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது?

நிவாரணம், மறுவாழ்வு, வளர்ச்சித் திட்டம் எல்லாமே ஒரு பட்டியலையோ ஒரு வரைபடத்தையோ வைத்துத்தான் தொடங்குகின்றன. அதில் இடம் பெறாதவருக்குக் காலநிலை நீதி என்று எதைக் கொடுக்கப் போகிறோம்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வடக்கு_வாசல்

நல்ல இழை. ஆனால் எண்ணூரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம். என் வீட்டில் இரண்டு தலைமுறையாக ஒப்பந்தத் தொழிலாளிகள். சாம்பல் குழாய், நிலக்கரிப் பட்டை, கொதிகலன் சுத்தம் என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறோம். அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளும் சேர்ந்து 1,830 மெகாவாட், பக்கத்தில் வல்லூர் 1,500 மெகாவாட். 2024-ல் இன்னொரு 800 மெகாவாட் வந்திருக்கிறது. நகரத்தில் மின்விசிறி சுற்றுவது இதனால்தான்.

இந்தப் பகுதியில் ஒரு ஆலை மூடப்பட்டபோது நிரந்தர ஊழியர்களுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்கு மறுநாளிலிருந்து கேட் பாஸ் செல்லாது, அவ்வளவுதான். யாரும் வந்து கணக்கெடுக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் ஆலையின் ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். பட்டியலில் இல்லாதவர்கள் என்று பேசினால் எங்களையும் சேர்த்துப் பேசுங்கள். நிலக்கரியை நிறுத்து என்று சொல்வது சுலபம். நிறுத்திய பிறகு எங்கள் வீட்டு அரிசிக்கு வழி என்ன என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும்.

மீன்கூடை

உப்பங்கழி அண்ணா, பறியை வாயில் கவ்விக்கொள்வதை யாராவது எழுத மாட்டார்களா என்று இருந்தேன். நன்றி.

என் அம்மா மீன் விற்கிறவர். படகு, வலை, கடல் எதுவும் அவர் பேரில் கிடையாது. விடிவதற்கு முன் கரையில் ஏலம் எடுத்து, தலையில் சுமந்து, தெருத் தெருவாக விற்று, சாயங்காலம் ஏலக்காரருக்குப் பணம் கட்டுவார். எண்ணெய் வந்த பிறகு ஆற்று மீனை யாரும் தொடவில்லை, அது நியாயம். ஆனால் காசிமேட்டிலிருந்து வாங்கி வந்து விற்றபோதும் “எண்ணூர் மீன்தானே, வேண்டாம்மா” என்று கதவைச் சாத்தினார்கள். வாடிக்கை வீடுகளே அப்படிச் செய்தன. ஐஸ் போட்டு இரண்டு நாள் வைத்திருந்து கடைசியில் கொட்டியதுதான் மிச்சம். வட்டிக்கு வாங்கிய முதல் அப்படியே நின்றது.

கணக்கெடுக்க வந்தவர்கள் முதலில் கேட்டது “படகு யார் பேரில்?”. இரண்டாவது கேள்வி “கார்டு யார் பேரில்?”. என் அண்ணன் அட்டையில்தான் அம்மா பெயர் இருக்கிறது. ஆகவே ஒரு குடும்பம், ஒரு தொகை. அண்ணன் கடலுக்குப் போகிறவர், அம்மா தனியாகக் கூடை தூக்குகிறவர், இரண்டு தொழில், இரண்டு கடன், ஆனால் தாளில் ஒன்றுதான். எங்கள் தெருவில் கணவனை இழந்து மகன் வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இதே கதி. வந்த பெண் ஒருத்தி தயங்கிக்கொண்டே சொன்னாள், “அக்கா, இந்தப் படிவத்தில் மீன் விற்பவர் என்று ஒரு கட்டமே இல்லை, நான் எங்கே எழுதுவது?” அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, இது செய்திகளில் அதிகம் வரவில்லை. எண்ணெய்க்கு முன்பே ஆற்றைப் பிடித்த நோய் ஒன்று இருக்கிறது. காக்கா ஆழி என்று சொல்வோம். கறுப்பு நிறத்தில், விரல் நீளம்கூட இல்லாத சிப்பி. தென் அமெரிக்கப் பக்கத்து இனம், கப்பல்களோடு வந்தது என்கிறார்கள். ஒன்றோடு ஒன்று நார் போட்டுப் பிணைந்து ஆற்றின் அடித்தளம் முழுக்க அடர்ந்துவிடுகிறது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற ஜீவன், அதற்குப் புதைய இடமில்லை. மஞ்சள் மட்டி எடுத்தவர்களுக்கு மட்டி இல்லை. கையால் தடவுகிறவர்களுக்கு விரல் கிழிகிறது. இப்போது பழவேற்காடு பக்கமும் பரவுகிறது. இதை எந்தப் புயல் கணக்கில் எழுதுவார்கள்? ஒரே நாளில் வந்த சேதத்துக்குத்தான் நிவாரணம், வருஷக்கணக்கில் வந்ததற்குக் கிடையாது.

கேள்விக்குறி

மன்னிக்கவும், கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்தியர் ஒருவரின் சராசரி கார்பன் உமிழ்வு ஆண்டுக்கு 2 டன் அளவு. அமெரிக்கருக்கு 14 டன் அளவு. காலநிலை நீதி என்ற பேச்சே நாம் அவர்களைப் பார்த்துக் கேட்க வேண்டியது. அதைக் கொண்டுவந்து நம் மின் நிலையத்தின் மீதும் நம் துறைமுகத்தின் மீதும் வைத்தால், வளர்ந்த நாடுகளின் வேலையை நாமே செய்துகொடுத்த மாதிரி ஆகாதா? எண்ணெய்க் கசிவு, சாம்பல் எல்லாம் மாசுக் கட்டுப்பாட்டு விஷயம். அதைக் காலநிலையோடு முடிச்சுப் போட வேண்டுமா?

உப்பங்கழி

கேள்விக்குறி, அந்த 2 டன் வாதம் சர்வதேச மேடையில் நூற்றுக்கு நூறு சரி. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் சொல்லிவிட்டு 2022 வரை இழுத்தடித்ததை நான் மறக்கவில்லை. நம் பிரதிநிதிகள் அங்கே இன்னும் கடுமையாகவே பேச வேண்டும்.

ஆனால் 2 டன் என்பது சராசரி. குளிர்சாதன அறையில் இருக்கிறவரும் பறியோடு ஆற்றில் நிற்கிறவரும் சேர்ந்து வருகிற சராசரி. அந்தப் பெண்ணின் பங்கைத் தனியே எடுத்தால் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. உலக மேடையில் அவருடைய ஏழ்மையைக் காட்டி நாம் நியாயம் கேட்கிறோம். கேட்டுக் கிடைப்பது அவர் வீட்டு வாசல்வரை வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எண்ணெயையும் சாம்பலையும் காலநிலையோடு முடிச்சுப் போட வேண்டுமா என்று கேட்டீர்கள். மிக்ஜாம் மழையையும் அந்த எண்ணெயையும் எப்படிப் பிரிப்பீர்கள்? வெயில் காலத்தில் ஆலை வளாகத்துக்குள்ளோ கால்வாயிலோ கிடந்தது, ஒரே நாள் வெள்ளத்தில் ஊருக்குள் வந்தது. இனி இப்படிக் கொட்டுகிற மழை அடிக்கடி வரும் என்றால், ஆற்றங்கரையில் என்னென்ன வைத்திருக்கிறோம் என்பதும் காலநிலைக் கேள்விதான்.

வடக்கு_வாசல், நீங்கள் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியும் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

நீர்வழி

நீர்வளத் துறை சார்ந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இடத்தின் அமைப்பைச் சொல்லிவிட்டால் விவாதத்துக்கு உதவும்.

கொசஸ்தலையாறு, சென்னையைத் தொடும் மூன்று ஆறுகளில் பெரியது. கூவம், அடையாறு பற்றி வருகிற செய்தியில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வருவதில்லை. 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் இதன் மீதுதான் இருக்கிறது. பூண்டி நிரம்பினால் உபரி முழுவதும் வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி எண்ணூருக்குத்தான் வந்தாக வேண்டும். 2021 நவம்பரில் பூண்டி திறந்தபோது மணலி புதுநகரும் சடையன்குப்பமும் மூழ்கியது நினைவிருக்கலாம்.

முகத்துவாரத்தின் வேலை இங்கேதான் வருகிறது. மேலேயிருந்து வெள்ளம் வரும் நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருந்தால், தண்ணீர் உடனே கடலுக்குள் இறங்காது. சில மணி நேரம் அது பரவி நிற்க இடம் வேண்டும். அந்த இடம்தான் கழிமுகத்துச் சதுப்பும், உப்பளமும், அலையாத்தி நின்ற சேற்று நிலமும். அதை மேடாக்கி நிலக்கரிக் கிடங்கும் கொள்கலன் நிறுத்தமும் கட்டினால், நிற்க இடமில்லாத தண்ணீர் பின்னோக்கி ஏறி மணலியில் வீடு புகும். அனல் மின் நிலையத்திலிருந்து குழாயில் போகும் சாம்பல் குழம்பு கசிந்து ஆற்றின் ஆழம் குறைந்தாலும் விளைவு இதேதான். ஆழம் குறைந்த இடத்தில் மீனவர் படகு தரை தட்டுகிறது. அந்தப் புகாரை மீனவர் பிரச்சினை என்று ஒதுக்கினார்கள். உண்மையில் அது மணலிக்கான வெள்ள எச்சரிக்கையும்கூட.

2021-ல் ஆசிய வளர்ச்சி வங்கி கொசஸ்தலையாற்றுப் படுகையில் மழைநீர் வடிகால் கட்ட 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. நல்ல திட்டம், வட சென்னைக்கு வெகுகாலம் முன்பே வந்திருக்க வேண்டியது. தெருவில் விழுகிற தண்ணீரை வேகமாக ஆற்றுக்குக் கொண்டுபோகும். ஆறு அதை எங்கே கொண்டுபோகும்? வடிகாலுக்குப் பணம் ஒரு துறை வழியாகவும், கழிமுகத்தில் கட்டுமான அனுமதி இன்னொரு துறை வழியாகவும் போகிறபோது, இந்தக் கேள்வி யாருடைய மேசைக்கும் வருவதில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன், இன்றும் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை.

வரைபடம் பற்றி உப்பங்கழி தொட்டார். 1996-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில், எண்ணூர்க் கழிமுகம் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் நீர்ப்பரப்பாக, பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கிறது. 1997 தேதியிட்ட வேறொரு வரைபடம் பிறகு புழக்கத்துக்கு வந்தது. அதில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் ஆர்வலர்கள் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு இருந்த இடத்தில்தான் இருந்தது, தாளில் இல்லாமல் போனது.

கடலரிப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்தால் மெரினா அகலமானது, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் அரித்தது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிற ஒல்லியான மணல் திட்டு. காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டத்துக்குப் பழவேற்காட்டு ஊர்கள் எதிர்ப்புக் காட்டியதன் அடிப்படை இந்த மணல் கணக்கு. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் தள்ளிப்போனது.

கடைமடை

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். மீன்கூடை அக்கா சொன்ன “கட்டமே இல்லாத படிவம்” எங்களுக்கும் நன்றாகத் தெரியும்.

2018 நவம்பர் 16, கஜா வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தென்னை போயிற்று, ஒரு மரம் இரண்டு மரம் இல்லை, தோப்பு தோப்பாக. விழுந்த மரத்துக்கு ரூ.600, வெட்டி அப்புறப்படுத்த ரூ.500, ஆக மரத்துக்கு ரூ.1,100 என்று அறிவித்தார்கள். காய்க்கிற மரம் ஒன்று வளர எத்தனை வருஷம் என்று தென்னை வைத்தவர்களுக்குத் தெரியும், தோப்புக்காரருக்கே அது போதாது. ஆனால் அவருக்காவது பட்டா இருந்தது, மரத்தை எண்ணினார்கள்.

கீற்று முடைகிறவர்களை நினைத்துப் பாருங்கள். தோப்பில் விழுகிற மட்டையை விலைக்கு வாங்கி, குட்டையில் ஊறப்போட்டு, உட்கார்ந்து முடைந்து, நூறு நூறாகக் கட்டி விற்பார்கள். எங்கள் ஊரில் பெண்கள்தான் இந்த வேலை செய்தார்கள். மரமேறுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், கயிறு திரிக்கிறவர் எல்லோருமே அந்த மரத்தை நம்பி இருந்தார்கள். குடிசை போனதற்கு நிவாரணம் கிடைத்தது. வேலை போனதற்கு யாரிடம் கேட்பது? அந்தப் பெண்களில் பலர் இப்போது திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். புயலால் ஊரைவிட்டுப் போனவர்கள் என்று எந்தக் கணக்கிலும் அவர்கள் வரமாட்டார்கள், வேலை தேடிப் போனவர்கள் என்றுதான் எழுதுவார்கள்.

அடையாற்றங்கரை

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்திலிருந்து மாற்றப்பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. வெள்ள ஆபத்து, உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னார்கள். கொண்டுபோய் விட்ட இடம் நகரத்தின் தெற்கு ஓரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது. அந்தச் சதுப்பு 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் சதுப்பு நிலம் என்றால் தண்ணீர் வந்து தங்குகிற இடம்தானே? பக்கத்துச் செம்மஞ்சேரியில் பெருமழை வந்தால் முழங்கால் தண்ணீர் என்பது வாடிக்கை.

வீடு கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மேலே கூரை உறுதி, கழிப்பறை உள்ளேயே. என் அம்மா பார்த்துக்கொண்டிருந்த மூன்று வீட்டு வேலையும் போயிற்று. காலை ஆறு மணிக்கு அவர் வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற வீட்டுக்கு, முதல் பேருந்து பிடித்தாலும் ஆறரைக்குத்தான் போக முடியும். வீடு கொடுத்தவர்கள் பேருந்து நேரத்தையும் பார்த்திருக்கலாம். ஆற்றோரம் காலியான பிறகு அதே ஆற்றங்கரையில் உயர்ந்த பெரிய கட்டடங்களுக்கு வெள்ள ஆபத்து ஏன் இல்லை என்று அவர் இன்றுவரை கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?

வடக்கு_வாசல்

எல்லாவற்றையும் படித்தேன். நீர்வழி ஐயா சொன்ன சாம்பல் விவரம் எனக்குப் புதிதில்லை. அந்தக் குழாயின் ஓட்டையில் சாக்கைச் சுற்றிக் கட்டியவர்கள் எங்கள் ஆட்களே. செப்பாக்கத்தில் சாம்பல் குளத்துக்குப் பக்கத்து வீடுகளில், காற்று அடிக்கிற மாதங்களில் சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடி வைப்பார்கள். அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இடம் மாற்றிக் கொடுங்கள் என்று அந்த ஊர் எத்தனையோ வருஷமாகக் கேட்கிறது.

அப்படியிருந்தும் ஒன்றில் நான் இறங்கிவர முடியாது. ஆலை வேண்டாம் என்பவர்கள் முதலில் வேலையைக் காட்ட வேண்டும். கழிமுகத்தைச் சுத்தம் செய்யும் வேலை, சாம்பலை அள்ளும் வேலை, அலையாத்தி நடும் வேலை என்று வரப்போகிறது அல்லவா? அதை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் குப்பத்து ஆட்களுக்கும் எங்களுக்கும் நேரடியாகக் கொடுக்கட்டும். கையுறை, முகமூடி, காப்பீடு, மாதச் சம்பளம் எல்லாவற்றோடும். 2023-ல் எண்ணெயை வெறுங்கையால் அள்ள வைத்த மாதிரி இல்லாமல்.

மீன்கூடை

வடக்கு_வாசல் அண்ணா, இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆற்றின் எந்த மடக்கில் சாம்பல் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் கழியை ஊன்றியே சொல்லிவிடுவார்கள்.

சட்டப்புள்ளி

வழக்கறிஞர் என்ற முறையில் சில விவரங்கள்.

மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பல் படிந்த கழிமுகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை மின்வாரியத்தின் மீது வைத்தது. உத்தரவு கையில் இருக்கிறது. நிறைவேறியது எவ்வளவு என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பது ஊரின் வேலையாகிவிட்டது, அதுதான் கொடுமை.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளுக்குள் அடங்கும் என்று சொன்னது. கானமயில் பறவைக்கும் சூரிய மின் கம்பிகளுக்கும் இடையிலான வழக்கு அது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பதை விளக்கும் இடத்தில் இந்த உரிமை வருகிறது. குறிப்பிட்ட ஒரு குப்பத்துக்கு இழப்பீடு கேட்டு நிற்கும்போது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதை இனிமேல்தான் வழக்காடி நிலைநாட்ட வேண்டும். அதனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பி உட்காராமல், அதற்கு முந்தைய கட்டத்தில் கவனம் வையுங்கள் என்பேன்.

முந்தைய கட்டம் என்றால் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், வட்டார மொழி நாளிதழிலும் அது வர வேண்டும். மதிப்பீட்டின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். முடிவில், மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைத் தமிழில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. இந்தக் கடைசிப் படி நடக்கும்வரை யாரும் மண்டபத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு தயாராகும் குறிப்பில் “பெரும்பாலோர் வரவேற்றனர்” என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அதை மாற்ற வருஷங்கள் ஆகும்.

இரண்டாவது, கடலோர மேலாண்மை வரைபடம். மீனவ ஊர்கள், படகு நிறுத்தும் கரை, மீன் காயவைக்கும் இடம், பொதுவாகப் பயன்படுத்தும் நீர்ப்பரப்பு ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும் என்று கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையே சொல்கிறது. 2023-ல் புதிய வரைவுகள் வந்தபோது மாநிலத்தின் பல மீனவ ஊர்கள் தங்கள் இடங்களைக் காணவில்லை என்று ஆட்சேபம் கொடுத்தன. மணலில் வலை காயப்போடும் இடம் வரைபடத்தில் வெற்றிடமாக இருந்தால், நாளைக்குத் திட்டம் போடுகிறவருக்கு அது காலி மனை.

மீன்கூடை

சட்டப்புள்ளி சார், ஒரு சந்தேகம். எங்கள் குப்பத்துப் பெண்கள் சங்கம் இந்த மாதம் கூடுகிறது. இருளர் குடியிருப்பிலிருந்தும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் கட்டம் இல்லை என்றால் நாங்களே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களா? குப்பையில் போட்டுவிட மாட்டார்களா?

சட்டப்புள்ளி

எடுத்துக்கொள்ளும்படி எழுதலாம். நான் வேறு ஊர்களில் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

குடும்பம் குடும்பமாக எழுதாதீர்கள், ஆள் ஆளாக எழுதுங்கள். பெயர், வயது, செய்கிற வேலை, செய்கிற இடம், எந்தெந்த மாதங்களில். “மீன் தொழில்” என்று பொதுவாக வேண்டாம். ஏலத்தில் வாங்கித் தெருவில் விற்பவர், கையால் இறால் பிடிப்பவர், மட்டி எடுப்பவர், வலை பின்னுபவர், கருவாடு போடுபவர் என்று தனித்தனியாக. இடத்துக்கு ஊரில் வழங்குகிற பெயரையே எழுதுங்கள், கூடவே கைப்பேசியில் அந்த இடத்தில் நின்று எடுத்த படமும் வரைபடப் புள்ளியும். இருளர்களில் சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு மனு அன்றைக்கே போடுங்கள், இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டி எல்லோரும் கையெழுத்து அல்லது கைநாட்டு வைத்த தீர்மானமாக்குங்கள். மூன்று நகல். ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, குறைதீர் நாளில் நேரில் கொடுத்து மனு எண் வாங்க வேண்டும். எண் இல்லாமல் திரும்பக் கூடாது. ஒன்று மீன்வளத் துறைக்கு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். மூன்றாவது உங்களிடம். அறுபது நாள் கழித்து, அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த புயலில் கணக்கெடுக்க வருகிறவர் முன்னால் நீட்ட உங்களிடம் ஒரு தாள் இருக்கும். நீதிமன்றம் போனாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

வடக்கு_வாசல், உங்கள் ஆட்களுக்கும் இதே மாதிரிதான். கேட் பாஸ் நகல், சம்பளம் வந்த வங்கிப் பக்கம், எந்த ஒப்பந்தக்காரரிடம் எந்த வருஷம் என்பதெல்லாம் ஒரே கோப்பில். பழைய பாஸைத் தூக்கிப் போட்டவர்கள், கூட வேலை பார்த்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்தையாவது வாங்கி வையுங்கள்.

வடக்கு_வாசல்

பாஸ் நிறைய பேரிடம் இருக்கிறது, எடுத்து வைக்கச் சொல்கிறேன். மீன்கூடை, உங்கள் சங்கக் கூட்டம் என்றைக்கு என்று தனிச்செய்தியில் சொல்லும்மா. எங்கள் தெருவிலிருந்து நான்கைந்து பேர் வருகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன்.